சாலை எண் முப்பத்தொன்று

இருபத்திரண்டு வருடமாக
இந்தச் சாலையைச் சீவுகிறவள் நான்.
கவுண்டியின் மஞ்சள் கிரேடர்,
பன்னிரண்டடிக் கத்தி,
கிழிந்த இருக்கைக்கு வெள்ளி டேப்.
பிட்டர்வெல் ஊர் முடியும் இடத்தில் தாரும் முடிகிறது.
அப்புறம் கெவியின் விளிம்பு வரை சரளை.
சரளைக்கு அப்பால்
சிவந்த பாறை, காற்று,
ஆயிரத்து நூறடிப் பள்ளம்.

கோடையில் சைக்கிள்காரர்கள் வருவார்கள்.
தடித்த டயர், வளைந்த கைப்பிடி,
முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய்.
ஏழாயிரம் அடி உயரம்;
முதல் நாள் எல்லோருக்கும் தலை வலிக்கும்.
என் புழுதி அடங்கும்வரை ஓரமாய் நின்று
கையை உயர்த்துவார்கள்.
நானும் ஸ்டியரிங்கை விடாமல்
ஒரு விரலை உயர்த்துவேன்.
பெரும்பாலும் சுட்டுவிரல்.

பழைய தபால் ஆபீஸில் சைக்கிள் கடை வைத்திருக்கும்
ஜோவிட்டா சலாசர்
வழிகளை ஒரு தாளில் வரைந்து
டாலருக்கு ஒன்றாய் விற்கிறாள்.
போன வசந்தத்தில் ஒன்று வேலியில் சிக்கிக் கிடந்தது.
வடக்கே சுரங்கப் பாதை: காலையில் மட்டும், நிழல் கிடையாது.
மேட்டுச் சுற்று: மழைக்குப் பின் வேண்டாம், களிமண் சக்கரத்தை விடாது.
முப்பத்தொன்று, என் சாலை:
எலும்பெண்ணி.

எலும்பெண்ணி.

இரண்டு நாள் அந்தச் சொல்லோடு சாப்பிட்டேன்.
மூன்றாம் நாள் கடைக்குப் போய்
ஒரு வண்டி கொடு என்றேன்.
ஜோவிட்டா என் பூட்ஸைப் பார்த்தாள்.
எதுவும் கேட்காமல்
சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினாள்.

கிரேடரின் மேலிருந்து சாலை ஒரு துணி.
சைக்கிளின் மேலிருந்து ஒவ்வொரு கல்லும்
தன் பெயரைத் தனியாகச் சொல்கிறது.
டீசல் இல்லாத காற்றில்
ஜூனிப்பருக்கு ஒரு வாசனை உண்டு என்பது
ஐம்பத்தெட்டு வயதில் தெரிகிறது.
சேஜ் புதருக்குள்ளிருந்து ஒரு மான்
கொஞ்ச தூரம் கூடவே ஓடியது,
பிறகு என் வேகத்தில் அலுத்துப்போய்
முன்னால் போய்விட்டது.

கெவியைத் தொட்டுத் திரும்பும்போது
ஆறாம் மைல், மாடு தாண்டாத இரும்புச் சட்டத்துக்கு அப்புறம்
அலைகள்.
சாணுக்கு ஒன்றாய், வரிசையாய், கல்லாய் இறுகி.
பல்லும் பல்லும் மோதின.
ஒரு மலை இரண்டு மலையாயிற்று.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஜோவிட்டா எண்ணியது சரிதான்,
ஒரு எலும்பும் விட்டுப்போகவில்லை.

இறங்கித் தள்ளினேன்.
தள்ளிக்கொண்டு நடக்கும்போதுதான் கண்ணில் பட்டது:
எதிர்ப்பாதி வழுவழுவென்று கிடக்கிறது.
ஊரைப் பார்த்த பாதியில் மட்டும் அலை,
அதுவும் வளைவு முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில்.
கத்தி அலையை உண்டாக்காது,
வேகம்தான் உண்டாக்கும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொன்னார்கள்.
தினமும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு
கிரேடரைக் கொட்டகையில் விட்டுவிட்டு
இந்த ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் பறக்கும் வண்டி
ஒன்றே ஒன்று.
வெளிர்நீல ஃபோர்டு, பின்கதவில் துரு.
சாவி என் பாக்கெட்டில் கிடந்தது.

எல்வுட் தன் டிரக்கை நிறுத்தி
என்ன, பஞ்சரா என்றான்.
இல்லை என்றேன்.
ஆர்டித், உனக்கு உடம்பு சரியில்லையா என்றான்.
அதற்கும் இல்லை என்றேன்.

இப்போது அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியர்.
பின்னால் வரும் எல்வுட் ஹாரன் அடிப்பான்,
அடிக்கட்டும்.
பெயரை மாற்றச் சொல்லி நான் ஜோவிட்டாவிடம் போகவில்லை.
ஆகஸ்டில் காட்டாறு வந்தால்
நாலாம் மைலே இருக்காது, பெயர் எதற்கு.
திங்கட்கிழமைகளில் மட்டும்
வேலை முடிந்தபின் வலது ஓரத்தில்
ஒரு முழ அகலத்துக்குக் கத்தியை
இன்னொருமுறை இழுத்துவிடுகிறேன்.
தினக்குறிப்பில் அதை எழுதுவதில்லை.
செவ்வாய் காலை அதன்மேல்
ஒரு டயர் தடம் இருக்கும், பக்கத்தில்
பல்லியோ ஓணானோ
வாலை இழுத்துக்கொண்டு போன கோடு.